புதுப்பிப்பு: ஸ்லீவா, பைபாஸா? நெஞ்செரிச்சலை முதலில் பாருங்க

ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு எடை குறைப்பு ஆபரேஷன்கள் பற்றிய முந்தைய இழையில் "குழப்பமா இருந்தா ஸ்லீவ் போதும்" என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய குழாய். உள்ளே அழுத்தம் கூடி அமிலம் மேலேறலாம். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம். உணவுக்குழாயில் புண் இருந்தால் ரூ-என்-ஒய் பைபாஸே மேல். அதில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. பையைப் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பார்கள். சர்க்கரைக்கும் பெரும்பாலும் இதில்தான் பலன் கூடுதல்.

ஆனால் மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடும் பழக்கம் நம்மூரில் அதிகம். பைபாஸ் செய்தவர்களுக்கு அது ஆகவே ஆகாது: இணைப்பில் புண் வந்து ஓட்டைகூட விழலாம். பீடியும் அப்படித்தான். பைபாஸ் ஆனபின் அல்வா ஒரு துண்டு தின்றாலே சிலருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும்.

முன்பு விட்டுப்போன முக்கியமான விஷயம்: எந்த ஆபரேஷன் ஆனாலும், வாந்தி நிற்காவிட்டால் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றக் கூடாது. தயமின் (பி1) ஊசி முதலில் போட வேண்டும். இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம், நினைவு திரும்பாமலும் போகலாம். அம்பையிலோ வள்ளியூரிலோ அவசரத்துக்குப் பார்க்கும் டாக்டருக்கு உங்கள் ஆபரேஷன் தெரிந்திருக்காது. அதன் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்குமே பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட் மாத்திரைகள் ஆயுள் முழுக்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் 2 மணி நேர இடைவெளியில் போடுங்கள்.