காசி யாத்திரைக்குப் பேக்கிங் கியூப் உதவுமா?

கூடல்நகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில் அப்பா, அம்மா, நான் ஆகிய மூவரும் காசி யாத்திரை போக ஏற்பாடு செய்திருக்கிறோம். வழக்கப்படி முதலில் ராமேஸ்வரத்தில் நீராடி மணல் எடுத்துக்கொண்டு, சென்னையிலிருந்து கங்கா காவேரி விரைவு ரயிலில் பிரயாகை போகிறோம். பிறகு காசி, அங்கிருந்து கயை, மறுபடி காசிக்கே வந்து வாரணாசியிலிருந்து விமானத்தில் ஊர் திரும்புகிறோம். பெரிய டிராலி சூட்கேஸ் ஒன்றும் தோள்பைகள் இரண்டும் எங்களிடம் உள்ளன.

எங்கள் வீட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கதைதான். அப்பாவுக்கு ஒரு துண்டு எடுக்க வேண்டுமென்றால் சூட்கேஸில் உள்ள அத்தனையும் கட்டிலில் கொட்டப்படும். திரும்ப அடுக்கும்போது பெட்டி மூட மறுக்கும். இந்த முறை தங்கும் இடங்கள் பல என்பதால், பேக்கிங் கியூப் எனப்படும் ஜிப் வைத்த சிறு பைகளை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அவற்றால் உண்மையிலேயே இடம் மிச்சமாகுமா? அமுக்கி மூடும் கம்ப்ரஷன் வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா? அம்மா சுங்குடியும் நூல்சேலையும்தான் கட்டுவார். ஐந்தரை மீட்டர் சேலையும் அப்பாவின் எட்டு முழ வேட்டியும் அதில் ஒழுங்காக அடங்குமா? சங்கமத்தில் நீராடிய ஈரத்துணியை எதில் வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரயில்சிநேகம் எழுதியது:

வணக்கம் கூடல்நகர். தாராளமாக வாங்கலாம், ஆனால் இடம் மிச்சமாகும் என்று எண்ணி வாங்க வேண்டாம். சாதாரண கியூப் துணியின் பருமனைக் குறைப்பதில்லை. ஒரு பொருளை எடுக்கப் போய் மற்றவை கலைவதைத்தான் அது தடுக்கிறது, உங்கள் வீட்டுச் சிக்கலும் அதுதானே. நடுத்தர அளவு என்று விற்பது ஏறக்குறைய 35 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் இருக்கும். சேலையை அந்த அகலத்துக்கு மடித்து, படுக்கையாக அடுக்காமல் விளிம்பு மேலே தெரியும்படி நிற்க வைத்தால், வேண்டிய சேலையை மற்றதைத் தொடாமல் உருவிவிடலாம். அந்தந்தச் சேலையின் மடிப்புக்குள்ளேயே ரவிக்கையையும் உள்பாவாடையையும் வைத்து ஓர் ஊக்கு குத்திவிட்டால், அதிகாலை இருட்டில் உங்கள் அம்மா மூன்றையும் தனித்தனியே தேட வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது எதை எதனோடு வைப்பது என்பது. பெரும்பாலோர் ஆளுக்கொன்று, அல்லது சட்டைக்கு ஒன்று, உள்ளாடைக்கு ஒன்று என்று பிரிக்கிறார்கள். ஒரே விடுதியில் தங்குகிறவர்களுக்கு அது போதும். உங்களைப் போல இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள், ஒன்றாகத் திறக்க வேண்டியவற்றை ஒன்றாக வைப்பதுதான் நல்லது. ரயிலில் இரண்டு இரவுகள் கழிகின்றன. சூட்கேஸோ கீழ்ப்படுக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடக்கும். எதிரே இருப்பவரின் கால்களை விலக்கச் சொல்லி அதை இழுத்துத் திறப்பது யாருக்கும் சுகமில்லை. ஆகவே ரயிலில் மாற்ற வேண்டிய துணி, பல்துலக்கும் பொருள்கள், சால்வை ஆகியவற்றை ஒரு கியூபில் போட்டுத் தோள்பையில் வைத்துவிடுங்கள். பிரயாகையில் இறங்கும்வரை சூட்கேஸைத் தொடவே வேண்டாம்.

அடுத்து நீராடலுக்கான கியூப். படகில் சங்கமத்துக்குப் போகும்போது அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டால் போதும்: மாற்று வேட்டி, மாற்றுச் சேலை, ஆளுக்கு இரண்டு ஈரிழைத் துண்டு, கெட்டியான பிளாஸ்டிக் கவர் ஒன்று. டர்க்கி டவலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தை மாதத்தில் அந்தப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் வெயிலைப் பார்ப்பதே அரிது. விடுதி அறையில் போட்ட டர்க்கி டவல் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும், ஈரிழைத் துண்டோ இரவுக்குள் காய்ந்துவிடும்.

மூன்றாவதாகக் கயைக்கான கியூப். கியூபின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். காசியிலிருந்து கயைக்கு ஏறக்குறைய 250 கி.மீ. நீங்கள் மறுபடி காசிக்கே திரும்புவதால் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. பிண்டம் வைக்கக் கட்ட வேண்டிய வேட்டி, அம்மாவின் சேலை, ஓர் இரவுக்கான துணி ஆகியவற்றை வீட்டிலேயே தனியாக அடுக்கிவிட்டால், காசி விடுதியில் சூட்கேஸை ஒப்படைத்துவிட்டு அந்தக் கியூபைத் தோள்பைக்குள் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

காசியில் அனுமன் காட் படித்துறைப் பக்கத்துச் சந்துகளில் தங்குவதானால் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே கல்பாவிய தரையிலும் படிகளிலும் டிராலியின் சக்கரம் உருளாது. தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெரிய சூட்கேஸ் ஒன்றைவிட நடுத்தரமானவை இரண்டு வசதி.

தையல்மேசை எழுதியது:

பை தைப்பது என் தொழில் என்பதால் வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கியூபை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். தையல் ஓரங்களுக்குப் பட்டி கட்டியிருந்தால் நல்லது. வெட்டிய விளிம்பு அப்படியே பிசிறு தெரிய இருந்தால், சில நாட்களில் நூல் பிரிந்து ஜிப்பின் பல்லில் சிக்கும். அப்புறம் ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர் நகராது. துணியில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிகிற ரிப்ஸ்டாப் நைலான் கிடைத்தால் அதையே எடுங்கள். அந்தக் கட்டங்கள் அழகுக்காகப் போட்டவை அல்ல, இடைவெளி விட்டு நெய்த தடித்த நூல்கள். எங்காவது கிழிந்தாலும் கிழிசல் அந்த நூலோடு நின்றுவிடும்.

ஜிப் மூன்று பக்கமும் திறக்க வேண்டும். இரண்டு ரன்னர் இருக்க வேண்டும். மூலையில் வளைந்து போகிற ஜிப்பாகையால் உலோகப் பல்லைவிடச் சுருள் பல் உள்ள நைலான் ஜிப்தான் தாக்குப்பிடிக்கும். மேல்பக்கம் முழுவதும் வலைத்துணியாக இருந்தால் உள்ளே இருப்பது தெரியும், காற்றும் போகும். ஆனால் மட்டமான வலைத்துணி ஊக்கோ சேலைப்பின்னோ பட்டால் ஓட்டையாகிவிடும். ரயில்சிநேகம் சொன்னபடி ஊக்கு குத்துவதானால் அதன் தலை உள்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஷன் வகையில் பக்கவாட்டைச் சுற்றி இரண்டாவதாக ஒரு ஜிப் ஓடும். முதல் ஜிப்பை மூடிவிட்டு இதை இழுத்தால் துணிகளுக்கிடையே உள்ள காற்று வெளியேறிப் பை சப்பையாகும். ஸ்வெட்டர், கம்பளிக் குல்லாய், சால்வை போன்ற பொசுபொசுவென்ற துணிகளுக்கு இது பலன் தரும். சுங்குடியிலும் வேட்டியிலும் அமுக்குவதற்குக் காற்றே கிடையாது. மடிப்புத் தடம் ஆழமாக விழுவதுதான் மிச்சம். உங்களுக்கு வடக்கத்திக் குளிருக்கான துணிகள் இருப்பதால், அவற்றுக்கு மட்டும் கம்ப்ரஷன் கியூப் ஒன்று வாங்கினால் போதும். மேலே ஏறி உட்கார்ந்து மூடாதீர்கள். இழுவை முழுவதும் அந்த ஜிப்பின் மூலைத் தையலில்தான் விழும், விடுவதும் அங்கேதான் முதலில் விடும்.

ராமேஸ்வரத்து மணலை மட்டும் எக்காரணம் கொண்டும் கியூபுக்குள் போடாதீர்கள். வலைத்துணி வழியே அது கசியும். ஜிப்பில் இறங்கிவிட்டால் ரன்னர் தேய்ந்து, இழுத்தாலும் பல் சேராது. நல்ல மூடி போட்ட சிறு டப்பாவில் வைத்து, கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

மஞ்சப்பை எழுதியது:

மேலே எழுதியவர்களோடு எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனாலும் இதற்காகப் பணம் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஜவுளிக்கடையில் கொடுத்த துணிப்பைகள் எந்த வீட்டில் இல்லை? கழுத்தில் நாடா கோத்துச் சுருக்குப்பையாக்கி, மேலே மார்க்கர் பேனாவால் 'ரயில்', 'நீராட', 'கயை' என்று எழுதிவிட்டால் அதே வேலை நடக்கும். சதுரமாக நிற்காது என்பது ஒன்றுதான் குறை.

கம்ப்ரஷன் பைகளிடம் எனக்குள்ள சந்தேகம் வேறு. ரயிலில் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம் என்பதால் போகும்போது எடை உறுத்தாது. திரும்பும்போது உள்நாட்டு விமானத்தில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோ சரக்குப் பையும் 7 கிலோ கைப்பையும்தான். அமுக்கிய பையில் பருமன்தான் குறையும், எடை குறையாது. மிச்சமான இடத்தைப் பார்த்ததும் இன்னும் நான்கு துணியைத் திணிக்கத்தான் கை போகும். அதிகப்படி எடைக்கு விமான நிலையத்தில் கிலோ கணக்கில் பணம் கட்டும்போது மிச்சமான இடம் கைகொடுக்காது.

கூடல்நகர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நடுத்தர அளவில் நான்கு சாதாரண கியூப்களும் குளிர்த்துணிக்கு ஒரு கம்ப்ரஷன் கியூபும் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். அழுக்குத்துணிக்கு மஞ்சப்பை அவர்கள் சொன்ன துணிப்பையே போதும்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் இரண்டு விஷயம் கேட்டார். திதியன்று கட்ட வேண்டிய, ஆசாரமாகத் துவைத்து உலர்த்திய மடித்துணியை மற்றவர்கள் உடுத்திய துணியோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பது ஒன்று. அன்றைக்கென்று எடுத்து வரும் பட்டுச்சேலையை நைலான் பையில் வைத்தால் கெட்டுப்போகாதா என்பது மற்றொன்று. திரும்பும்போது கங்கைச் சொம்புகளும் சேரும் என்பதால் அவற்றை எப்படி அடுக்குவது என்றும் சொல்லுங்கள்.

ரயில்சிநேகம் எழுதியது:

அம்மா கேட்ட முதல் விஷயத்துக்குக் கியூப் மிகவும் பொருத்தம். கயைக்கென்று பிரித்த கியூபில் மடித்துணியை மட்டும் வைத்து, இரவு உடுத்தும் துணியைத் தோள்பையில் வெளியே வைத்துவிடுங்கள். அதை அம்மாவே அடுக்கி மூடட்டும். கயையில் அவரே திறக்கட்டும். இடையில் யாரும் அதைத் தொட வேண்டிய தேவை வராது.

பட்டைப் பொறுத்தவரை அவர் கவலை நியாயமானது. நைலானில் நேரடியாகப் படாமல், துவைத்துக் காய்ந்த பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி உள்ளே வையுங்கள். ஜரிகை உள்பக்கம் வரும்படி தளர மடித்து, அடுக்கின் மேலே வைக்க வேண்டும்; கம்ப்ரஷன் கியூபில் ஒருபோதும் வேண்டாம். கட்டி அவிழ்த்த சேலையில் வியர்வை இருக்கும், ஆகவே விடுதிக்கு வந்ததும் ஓர் இரவு கொடியில் உலர விட்டு அப்புறம் மடியுங்கள்.

திரும்பும்போது குளிர்த்துணிகளை உடம்பில் போட்டுக்கொண்டே விமானம் ஏறலாம்; அந்தக் கம்ப்ரஷன் கியூப் காலியாகிவிடும். வாயடைத்த செப்புச் சொம்புகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, துண்டுகளுக்கு நடுவே அந்தக் கியூபில் வைத்து, சரக்காக அனுப்பும் சூட்கேஸின் மையத்தில் வையுங்கள். அடைப்பு விட்டாலும் கவருக்குள்ளேயே நின்றுவிடும். பவர் பேங்க் சூட்கேஸில் இருக்கக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். பூஜைப்பையில் மிஞ்சிய கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் காசியிலேயே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். விமானத்தில் இரண்டுக்கும் அனுமதி இல்லை. அப்பா, அம்மாவின் மருந்துகளை எந்தக் கியூபிலும் போடாமல் உங்கள் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பனியால் ரயிலோ விமானமோ மணிக்கணக்கில் தாமதமாவது அந்த மாதத்தில் சகஜம்.