புதுப்பிப்பு: மாடியில் பியாடகி மிளகாய் பழுத்தது

பியாடகிச் செடியில் பூவெல்லாம் கொட்டுகிறது என்று ஏப்ரலில் புலம்பியிருந்தேன். காரணம் வெயில்தான். நிழல்வலை கட்டி, தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தையும் நிறுத்தினேன், அது அதிகமானாலும் பூ கொட்டும். ஜூனில் பூ உதிராமல் நின்று காய் பிடித்தது.

இப்போது 2 செடியில் பறித்த பழங்கள் நிழலில் காய்கின்றன. காயக் காயத் தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாக வருகிறது, பியாடகி ஊர் இருக்கும் கர்நாடகத்து ஹாவேரி மாவட்டச் சந்தை மிளகாய் மாதிரியே! 2011-இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் இது. காரம் குறைவு, நிறம்தான் உயிர்.

நேற்று 8 மிளகாயை வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காய், தனியாவோடு அரைத்தேன். ஊறிய தண்ணீரே செக்கச்செவேல். அதைக் கொட்டிவிடாதீர்கள், குழம்பிலேயே சேருங்கள். குழந்தைகூடக் கண் கலங்காமல் சாப்பிட்டாள். அப்புறம், விதை கேட்டவர்களுக்கு: நன்றாகப் பழுத்த 3 பழங்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.