பைத்தான் ஆவணத்தில் எழுத்துப்பிழை: திருத்தத்தை எங்கே, எப்படி அனுப்புவது?

கேட்பவர்: இளந்தளிர்
வணக்கம். பைத்தான் நிரல்மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் ஒரு நிரல்கூறுக்கான விளக்கத்தைப் படித்தபோது, ஒரே சொல் அடுத்தடுத்து இருமுறை வந்திருப்பதையும், சற்றுக் கீழே ஒரு சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதையும் கண்டேன். இவ்வளவு சிறிய பிழைக்கும் முதலில் இஷ்யூ (பிழை அறிவிப்பு) ஒன்றைப் பதிய வேண்டுமா? ஹெல்ப் கட்டளை காட்டும் விளக்கத்திலும் அதே பிழை இருப்பதால், ஓரிடத்தில் திருத்தினால் இரண்டும் சரியாகிவிடுமா என்றும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: கரையோரன்
வெறும் எழுத்துப்பிழைக்கு இஷ்யூ தேவையில்லை. புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது உங்கள் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பத்தை, நேரடியாக அனுப்பலாம். ஆவணத்தின் மூல உரை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், பைத்தானின் மூலநிரல் உள்ள சிபைத்தான் களஞ்சியத்தின் டாக் கோப்புறையில், ஸ்பிங்க்ஸ் கருவி இணையப் பக்கமாக மாற்றித் தரும் எளிய உரைக்கோப்புகளாக இருக்கிறது. முதன்முறை பங்களிப்பவர் உரிம ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். அதற்கான இணைப்பைத் தானியங்கியே உங்கள் புல் ரிக்வெஸ்ட்டின் கீழ் இட்டுவிடும். திருத்தத்தை மெயின் கிளைக்கு (அடுத்த பதிப்பு உருவாகும் முதன்மை வரிசைக்கு) மட்டும் அனுப்புங்கள். முந்தைய பதிப்புகளுக்கும் அது வேண்டுமெனில், பராமரிப்பாளர் அதற்குரிய லேபிளை ஒட்டிக்கொள்வார்.

மறுமொழி: மூன்றாம் அடைப்பு
ஹெல்ப் காட்டுவது வேறோர் உரை. அது நிரலுக்குள்ளேயே எழுதப்பட்ட டாக்ஸ்ட்ரிங் என்னும் விளக்கக்குறிப்பு. எனவே இரண்டையும் தனித்தனியே திருத்த வேண்டும். அந்த நிரல்கூறு சி மொழியில் எழுதப்பட்டதாயின் இன்னும் கவனம் தேவை. கிளினிக் என்ற கோப்புறையில் இருப்பவை ஒரு கருவி தானாக உருவாக்கிய கோப்புகள் ஆதலால், அங்கே கைவைத்தால் அடுத்த முறை கருவி ஓடும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும். மூல சி கோப்பில் உள்ள குறிப்பைத் திருத்திவிட்டுக் கருவியை ஓட்டுவதே முறை.

பிழைபோலத் தோன்றும் எல்லாவற்றையும் திருத்திவிடவும் கூடாது. உலாவியும் வழங்கியும் தகவல் பரிமாறும் நெறியான எச்டிடிபியின் தலைப்புகளில் ஒன்றான ரெஃபரர், ஆங்கில அகராதிப்படி இருக்க வேண்டிய ஓர் 'ஆர்' இல்லாமலேயே அந்நெறியை விளக்கும் 1996ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1945 என்ற ஆவணத்தில் இடம்பெற்று, இன்றுவரை அப்படியே வழங்குகிறது. எழுத்துப்பிழை தேடும் கோட்ஸ்பெல் போன்ற கருவி சுட்டுவதை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் மொத்தமாக மாற்றி அனுப்புவது, சரிபார்ப்பவருக்கு வேலையைக் கூட்டுவதே தவிர உதவியன்று.

கேட்பவர்: இளந்தளிர்
விளக்கத்துக்கு நன்றி. இரு பிழைகளையும் தனித்தனி புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்ப எண்ணியிருந்தேன், அது சரியா?

மறுமொழி: கரையோரன்
ஒரே பக்கத்தில் இருப்பவற்றை ஒன்றாகவே அனுப்புங்கள். பிரெஞ்சு, ஜப்பானிய மொழிபெயர்ப்புகள் ஆங்கிலப் பத்தியையே சாவியாகக் கொண்டு இயங்குவதால், மூலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியதாகக் குறிக்கப்படும். மொழிபெயர்ப்பாளர் பார்த்து உறுதிசெய்யும்வரை அந்த இடத்தில் ஆங்கிலமே தோன்றும். உங்கள் பத்தியில் வேறு பிழை இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினால், அவர்கள் இருமுறை உழைக்க வேண்டியிராது.