கையால் எழுதினால்தான் மனசில் நிற்குமா?

மைக்கூடு:
கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் லேப்டாப்பில் குறிப்பெடுப்பதை நிறுத்தச் சொல்லப் போகிறேன். 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுதான் காரணம். தட்டச்சு செய்த மாணவர்கள் அதிகம் பதிந்தார்கள், ஆனால் காதில் விழுந்ததை அப்படியே பதிந்தார்கள். புரிந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் பேனா பிடித்தவர்களே முந்தினார்கள். பேச்சின் வேகத்துக்குக் கை ஓடாது; எதை எழுதுவது, எதை விடுவது என்று அந்த நொடியே முடிவெடுத்தாக வேண்டும். படிப்பு நடப்பதே அங்கேதான்.

விசைப்பலகை:
அதே சோதனையை 2021-இல் வேறொரு குழு திரும்பச் செய்தது சார். அப்படியே பதியும் பழக்கம் அதிலும் தெரிந்தது. மதிப்பெண்ணில் மட்டும் பேனாவுக்கு அந்த முன்னிலை கிடைக்கவில்லை. இதை வைத்துத் தடை போடுவீர்களா? எழுதினாலே விரல் வலிக்கும் பிள்ளை என்ன செய்வாள்?

மைக்கூடு:
2024-இல் வந்த நார்வே ஆய்வையும் பாருங்கள். 36 மாணவர்களின் தலையில் 256 மின்முனைகள் கொண்ட வலையை மாட்டி மூளையின் மின்னலைகளை அளந்தார்கள். கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு மிகவும் விரிந்திருந்தது.

விசைப்பலகை:
முழுசாகப் படியுங்கள் சார். அவர்கள் எழுதியது தொடுதிரையில், டிஜிட்டல் பேனாவால். காகிதமே கிடையாது! தட்டச்சோ வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும். அப்படி யார் தட்டுகிறார்கள்? எழுதியது நினைவில் நின்றதா என்று தேர்வும் வைக்கவில்லை.

அகரம்:
இருவரும் வளர்ந்தவர்களையே பேசுகிறீர்கள். எழுத்துப் பழகும் குழந்தையை விட்டுவிட்டீர்களே. உளவியல் ஆய்வாளர் கரின் ஜேம்ஸின் குழு 2012-இல், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் சில எழுத்துகளைத் தானாக எழுதவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும், சிலவற்றை வரைந்து வைத்த கோட்டின் மேல் இழுக்கவும் சொல்லிச் சோதித்தது. பிறகு எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் விழித்தது தானாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான். தட்டச்சு செய்தவற்றுக்கு இல்லை, கோட்டின் மேல் இழுத்தவற்றுக்கும் இல்லை. என் மகள் மூன்று சுழி ண எழுதும்போது ஒவ்வொரு சுழிக்கும் வாய்விட்டு எண்ணுவாள். விசைப்பலகையில் ண-வுக்கும் ஒரு தட்டுதான், ன-வுக்கும் ஒரு தட்டுதான். தொடக்கப் பள்ளியில் பென்சிலை விட்டுவிடக் கூடாது, இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

விசைப்பலகை:
சின்னப் பிள்ளைகளுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். கல்லூரிக்கு அதை நீட்டாதீர்கள்.

மைக்கூடு:
அப்போ இப்படிச் செய்யலாம். திரையில் பேனாவால் எழுதுவது எனக்குச் சம்மதம். தட்டச்சு செய்கிறவர்கள் வகுப்பு முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, நடந்த பாடத்தை நினைவிலிருந்து ஐந்து வரி சொல்லட்டும்.

விசைப்பலகை:
பேனாக்காரர்களும் நோட்டை மூடிவிட்டுச் சொல்லட்டும் சார். என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் தடையைப் பற்றிப் பேசுவோம்.