எஸ்விஎன்ல இருந்து கிட்டுக்கு மாறுனவங்க கொஞ்சம் சொல்லுங்க: உங்களுக்கு என்ன நடந்துச்சு?

சிங்காநல்லூர் (கேட்டவர்)

வணக்கமுங்க. நாங்க மோட்டார் பம்புக்குக் கன்ட்ரோல் பேனல் செய்யற சின்ன கம்பெனி. பேனலுக்குள்ள ஓடற ஃபர்ம்வேர், விவசாயிங்க தோட்டத்து மோட்டாரை வீட்ல இருந்தே போட்டு நிறுத்தற ஆப், சர்க்யூட் போர்டு டிராயிங், எல்லாமே ஆபீஸ் சர்வர்ல எஸ்விஎன்லதான் (சப்வெர்ஷன்; யாரு எப்ப என்ன மாத்துனாங்கன்னு ஒவ்வொரு பதிப்பையும் சேர்த்து வைக்கற மென்பொருள்) கிடக்குது. புதுசா வந்த பசங்க, அதே வேலைக்கு இருக்கற கிட் (Git) இல்லாம ஆகாதுங்கறாங்க. முதலாளி, "ஓடிட்டு இருக்கறதுக்கு இப்ப என்ன கேடு?"ங்கறாரு.

எனக்கு ஒரு பயம் இருக்குதுங்க. பேனல் டிஸ்ப்ளேல எஸ்விஎன் ரிவிஷன் நம்பரைத்தான், அதாவது ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஒண்ணொண்ணா ஏறற எண்ணைத்தான், காட்டறோம். உடுமலைப் பக்கம் கெணத்து மேட்டுல நின்னுட்டு சர்வீஸ் பையன் போன்ல "1842-ங்ணா"ன்னா போதும், எந்தக் கோடுன்னு இங்கிருந்தே சொல்லிப்போடுவோம். கிட்ல அதுக்குப் பதிலா எழுத்தும் எண்ணும் கலந்து 40 இலக்கமாமே? அதைப் போன்ல எப்படிப் படிச்சுக் காட்டுவான்? மாறுனவங்க உங்க அனுபவத்தைச் சொன்னா புண்ணியமாப் போகும்.

சரவணம்பட்டி

நம்பர் சங்கதி மொதல்ல. வெளியீட்டுக்கு வெளியீடு டேக் (அடையாளப் பேரு) போட்டுட்டு "கிட் டிஸ்கிரைப்" குடுத்தா, டேக் பேரு, அதுக்கப்புறம் எத்தனை கமிட் (பதிஞ்சு வெச்ச மாத்தம்), கடைசியில சின்ன ஹாஷ்னு (அந்த 40 இலக்கத்தோட முன்பக்கம்) சேர்த்துக் குடுக்கும். "3.2-14"ங்கற முன்பாதியை டிஸ்ப்ளேல காட்டுங்க, முழுசையும் மெனுவுக்குள்ள வைங்க. வேற வேற கிளையிலயும் (கோடோட தனித்தனி வேலைப் பாதை) அதே 14 வரலாம்ங்க. அதனால பேனலுக்குப் போற பில்டு ஒரே கிளையில இருந்துதான்னு கண்டிப்பா வெச்சுக்கோணும்.

நாங்க மாறுனது 2020 லாக்டவுன்ல. எஸ்விஎன்ல கமிட் பண்றதுக்கும் சர்வர் வேணும், பழைய கமிட் பட்டியலைப் பாக்கறதுக்கும் சர்வர் வேணும். ஒருத்தர் தாராபுரம், ஒருத்தர் அந்தியூர்னு ஊருக்குப் போயிட்டாங்க. ஆபீஸ் சர்வருக்கு வர்ற விபிஎன் லைன் அறுந்துச்சுன்னா கமிட் இல்லை. செஞ்ச வேலையெல்லாம் சேர்த்து வெச்சு, லைன் கிடைச்சப்ப ஒரே மூட்டையா ஏத்துவாங்க. அதுக்குள்ள ஒரு பக் ஒளிஞ்சிருந்தா எந்த மாத்தத்துல வந்துச்சுன்னு கண்டுபிடிக்கறது ரோதனை. கிட்ல அவங்கவங்க மெஷின்லயே துண்டு துண்டா கமிட் பண்ணிட்டு, லைன் வந்ததும் புஷ் பண்ணாங்க, அதாவது சர்வருக்கு ஏத்துனாங்க. முதலாளி என்ன கேடுன்னு கேட்டா இதைச் சொல்லுங்க.

அடி வாங்குனது வேற இடத்துல. ஏதோ ஒரு வருசம் யாரோ ஒரு மகராசன் டேட்டாபேஸ் பேக்கப் ஜிப்பை டிரங்குக்குள்ள (எஸ்விஎன்ல முக்கியக் கிளை) போட்டு, அப்புறம் டெலீட்டும் பண்ணியிருந்தாரு. எஸ்விஎன்ல அது யாரையும் உறுத்தல, செக்அவுட்ல (சர்வர்ல இருந்து இறக்கறப்ப) இன்னைக்கு இருக்கற ஃபைல்தானே இறங்கும். கிட்ல குளோன் பண்ணா சரித்திரம் மொத்தமும் இறங்கும். செத்துப்போன ஜிப்பும் சேர்ந்துதான். மொபைல் ஹாட்ஸ்பாட் வெச்சிருந்தவங்க பேசின பேச்சை இங்க எழுத முடியாது. மாத்தறதுக்கு முன்னாடியே அதையெல்லாம் களையெடுத்துப்போடுங்க, அதுக்குன்னே "ஃபில்டர்-ரெப்போ"னு ஒரு கருவி இருக்குது.

திருப்பூர்

எல்லாரும் கிட் கிட்டுங்கறாங்க. நான் இன்னும் எஸ்விஎன்தான், மாறவும் மாட்டேன். எங்களுது பனியன் கம்பெனி ஐடி செக்ஷன். கோடு கொஞ்சம், எம்ப்ராய்டரி டிசைன் ஃபைலும் பேட்டர்ன் ஃபைலும்தான் நிறைய. அதெல்லாம் பைனரி, வரி வரியாப் படிக்கற எழுத்து இல்லை. ரெண்டு பேரு ஒரே நேரத்துல ஒரு டிசைனைத் தொட்டா எந்தச் சிஸ்டமும் ரெண்டையும் மெர்ஜ் பண்ணி ஒண்ணாக்கித் தராது, ஒருத்தர் வேலை குப்பைதான்.

எஸ்விஎன்ல 2005-ல இருந்தே "நீட்ஸ்-லாக்"னு ஒண்ணு இருக்குது. அந்த ஃபைலுக்கு அதைப் போட்டு வெச்சா, செக்அவுட் பண்றப்ப ஃபைல் ரீட்-ஒன்லியாத்தான் வரும். ரைட் கிளிக் பண்ணி "கெட் லாக்" வாங்குனாத்தான் எழுத விடும். டிசைன் ரூம்ல இருக்கற அக்காவுக்குக் கமாண்ட் எல்லாம் ஆகாது. ஃபோல்டர் மேல டார்ட்டாய்ஸ் (எஸ்விஎன்னை மவுஸ்லயே ஓட்டற விண்டோஸ் மென்பொருள்) காட்டற பச்சை டிக் இருந்தா நல்லது, சிவப்பு இருந்தா இன்னும் ஏத்தலைன்னு அர்த்தம், அவ்வளவுதான் அவங்க கணக்கு.

இதுலயும் லொள்ளு இருக்குது. பண்டிகை சமயத்துல டிசைனர் ஒருத்தரு ஆர்டர் ஃபைலுக்கு லாக் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. போன் சுவிட்ச் ஆஃப். பையர் சேம்பிள் கேட்டுட்டு நிக்கறாரு, லோகோவுல ஒரு கலர் மாத்தோணும். ரெப்போ பிரவுசர்ல (ரெப்போ, அதாவது சர்வர்ல இருக்கற கிடங்கைக் காட்டற ஜன்னல்) போயி "பிரேக் லாக்" குடுத்து உடைச்சோம். உடைக்கறது சுளுவு. ஆனா அவரு மெஷின்ல ஏத்தாத வேலை இருந்திருந்தா அதை வெச்சு ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அதுக்கப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் யாருகிட்ட லாக் இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் சம்பளக் கவரே தர்றது. வெளையாட்டுக்குச் சொல்லலைங்க.

ஈரோடு

லாக்குன்னதும் பழசு ஞாபகம் வந்துருச்சு. இதே வேலைக்கு மைக்ரோசாஃப்ட் விட்ட விசுவல் சோர்ஸ்சேஃப்ல வேலை பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? சர்வர்னு தனியா ஒண்ணும் இருக்காது, ஷேர் பண்ண ஃபோல்டர்தான் டேட்டாபேஸ். செக்-இன் ஓடறப்ப நெட்வொர்க் கேபிள் ஆடுச்சுன்னா ஃபைல் கெட்டுப்போகும். "அனலைஸ்"னு ஒரு கருவியை அப்பப்ப ஓட்டி ஒட்டுப் போடோணும். 2005 பதிப்போட மைக்ரோசாஃப்ட் அதுக்கு முழுக்குப் போட்டுருச்சு. அங்கிருந்து எஸ்விஎன்னுக்கு வந்தப்ப சொர்க்கமா இருந்துச்சு: பத்து ஃபைல் கமிட் பண்ணா பத்தும் ஏறும், இல்லைன்னா ஒண்ணுமே ஏறாது. உங்க முதலாளி எஸ்விஎன்னை விடமாட்டேங்கறதுல தப்பில்லைங்க.

பீளமேடு

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல கிட்டை எழுதுனது லினக்ஸ் கெர்னலுக்காக. அதுவரைக்கும் ஓட்டிட்டு இருந்த பிட்கீப்பர் இலவசமாக் கிடைக்காமப் போச்சு, அதனால. ஊர் உலகத்துல இருந்து வர்ற சி கோடு பேட்ச்சுகளைச் சேர்க்கத்தான் அது பொறந்துச்சு, 3டி மாடலுக்கில்லை. 2017-ல விண்டோஸ் கோடு கிட்டத்தட்ட 300 ஜிபியைக் கிட்டுக்குள்ள கொண்டு வர மைக்ரோசாஃப்டே தனியா ஒரு ஃபைல் சிஸ்டம் எழுத வேண்டியதாப் போச்சு.

நான் இருக்கறது அனிமேஷன், கேம் வேலை. இங்க இதே வேலைக்குப் பெர்ஃபோர்ஸ். அப்படி செட் பண்ணி வெச்ச ஃபைலை எடுத்தா மத்தவங்களுக்குப் பூட்டிக்கும், வேணுங்கற ஃபோல்டர் மட்டும் இறங்கும். அஞ்சு பேர் வரைக்கும் இலவசம், அதுக்கு மேல லைசென்ஸ் விலையைக் கேட்டா சின்ன கம்பெனிக்கு மூச்சடைக்கும். கிட்லயே இருக்கோணும்னா எல்எஃப்எஸ் இருக்குது. பெரிய ஃபைல் தனி இடத்துல இருக்கும், ரெப்போவுக்குள்ள அதுக்கு ஒரு சீட்டு மட்டும். 2017-ல இருந்து லாக்கும் உண்டு. கிட்ஹப்ல (கிட் ரெப்போவை வைக்கற இணையதளம்) எல்எஃப்எஸ் இல்லாம 100 எம்பிக்கு மேல ஒரு ஃபைலை ஏத்தவே விடாது. ஆனா டிசைனர் ஒருத்தரு எல்எஃப்எஸ் இன்ஸ்டால் பண்ணாம குளோன் பண்ணிட்டு, "என்ற படம் எங்கே, வெறும் மூணு வரிதான் இருக்குது"ன்னு வந்து நின்னதைப் பாத்திருக்கறேன்.

கோபி

நான் பாக்கறது கூட்டுறவு சங்கத்துக்கான மென்பொருள். ரிப்போர்ட் ஃபைலுக்கெல்லாம் தமிழ்லயே பேரு. கிட்டுக்கு வந்த மொத நாள் ஸ்டேட்டஸ் பாத்தா \340\256-ன்னு ஒரு வரிசை எண்ணு ஓடுது. வைரஸ்னே நினைச்சாங்க. "கோர் கோட்பாத்"னு ஒரு செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்குனா தமிழ் தமிழாவே தெரியும்.

எஸ்விஎன்ல இதைவிட மோசம். மேக் வெச்சிருந்தவருக்கு "கொள்முதல்"ங்கற ஃபைல் மட்டும் காணோம்னும் காட்டும், அதே பேருல புதுசா ஒண்ணு இருக்குதுன்னும் காட்டும். மேக்கோட பழைய ஃபைல் சிஸ்டம் "கொ"வை உடைச்சு, ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு சேமிச்சுக்கும். விண்டோஸ்ல போட்டவரு ஒரே குறியா அடிச்சிருப்பாரு. கண்ணுக்கு ஒண்ணு, எஸ்விஎன்னுக்கு ரெண்டு. "விற்பனை"க்கு இந்தப் பிரச்சினையே இல்லை. கிட்ல மேக்குக்குன்னு இதைச் சேர்த்து வைக்கற செட்டிங் உண்டு.

பொள்ளாச்சி

கிட் மாதிரியே இருக்கற மெர்குரியலைப் பத்தி ஒருத்தரும் பேசலை. கிட் வந்த அதே 2005 ஏப்ரல்ல வந்தது, கமாண்ட் எல்லாம் ஒழுங்கா இருக்கும். நாங்க பிட்பக்கெட்ல (கோடு வைக்கற இணையதளம்) அதைத்தான் வெச்சிருந்தோம். 2020-ல அவங்க மெர்குரியலையே எடுத்துட்டாங்க. நல்லாருந்தும் பொழைக்கலை.

கணபதி

சிங்காநல்லூர் அண்ணாவுக்கு ஒண்ணு. மாறுன முதல் வாரமே மெயின் கிளைக்கு ஃபோர்ஸ் புஷ்ஷை (சர்வர்ல இருக்கறதை அழிச்சு மேல ஏத்தறது) அடைச்சுப்போடுங்க. எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி, புஷ் ஏறலைன்னு நெட்ல தேடி, யாரோ சொன்ன ஃபோர்ஸைப் போட்டுட்டான். மத்தவங்க கமிட் எல்லாம் சர்வர்ல காணோம். நல்லவேளை, டெஸ்டிங் பாக்கற புள்ளை காலையில புல் பண்ணி (சர்வர்ல இருந்து இறக்கி) வெச்சிருந்துச்சு, அந்த மெஷின்ல முழுசும் இருந்துச்சு. அங்கிருந்து திருப்பி ஏத்துனோம். யாருகிட்டயும் இல்லைன்னாலும் அவங்கவங்க மெஷின்ல ரீஃப்ளாக் (கிளை எந்தெந்தக் கமிட்ல நின்னுச்சுங்கற பதிவு) இருக்கும். கிளையில இருந்து அறுந்த கமிட்டைக்கூட சாதாரணமா 30 நாள் வரைக்கும் காட்டும்.

சிங்காநல்லூர் (கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றிங்க. ஃபர்ம்வேரும் ஆப்பும் தனித்தனிக் கிட் ரெப்போ, போர்டு டிராயிங் எஸ்விஎன்லயே லாக்கோட இருக்கட்டும்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டேன், சரின்னுட்டாரு. இன்னொரு சந்தேகம்: எஸ்விஎன் சரித்திரத்தைக் கிட்டுக்கு மாத்தறப்ப ஒவ்வொரு யூசருக்கும் பேரும் மெயிலும் கேக்குது. வேலையை விட்டுப் போனவங்களுக்கு என்ன போடறது?

சரவணம்பட்டி

பேரு சரியா இருந்தாப் போதும்ங்க. மெயில் உண்மையானதான்னு கிட் சோதிக்காது, கம்பெனி பேருல ஒண்ணு வெச்சுக்கோங்க. அந்தப் பட்டியல்ல ஒரு யூசர் விட்டுப்போனாலும் மாத்தற வேலை பாதியில நின்னுக்கும், அதனால எஸ்விஎன்னோட கமிட் பதிவுல (log) இருந்து எல்லாப் பேரையும் முன்னாடியே எடுத்துக்கோங்க. மாத்துனதும் பழைய எஸ்விஎன்ல அந்த ரெண்டு ஃபோல்டரையும் ரீட்-ஒன்லி ஆக்கிப்போடுங்க. இல்லைன்னா பழக்கதோசத்துல யாராச்சும் அங்கயே கமிட் பண்ணிட்டு இருப்பாங்க.