ஒற்றை இறக்கைத் தடத்தின் நரம்புகளை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி:
என்னிடம் கார்பனிஃபெரஸ் (ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, நிலக்கரி உருவான) காலத்துக் களிப்பாறைத் துண்டு ஒன்று உள்ளது. அதில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளத்தில், நுனி உருண்ட இறக்கை போன்ற தடம் பதிந்திருக்கிறது. அடிப்பகுதியில் ஒரு மூலை உடைந்துவிட்டது. முன் ஓரத்திலிருந்து முதன்மை நரம்புகளை கோஸ்டா, சப்கோஸ்டா, ரேடியஸ் என்று வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தேன். அடுத்ததான மீடியாவை எட்டியதும் எது எதன் கிளை என்பது குழம்பிவிட்டது. மூன்று முறை வரைந்தேன். மூன்றும் மூன்று விதமாக வந்தன. உடலே கிடைக்காத நிலையில் நரம்பமைப்பை மட்டும் கொண்டு இது எந்த வகைப் பூச்சி என்று சொல்ல இயலுமா?

மறுமொழி 1:
இயலும். அக்காலப் பூச்சிகளில் பலவற்றை நாம் இறக்கையால் மட்டுமே அறிவோம். ஆனால் எண்ணிக்கொண்டு போகாதீர்கள். மேடு பள்ளத்தைப் பாருங்கள். இறக்கை தட்டையான தாள் அன்று, விசிறி போல் மடிப்புடையது. சப்கோஸ்டா பள்ளத்தில் ஓடும், ரேடியஸ் மேட்டில் நிற்கும், அதன் பின்கிளையான ரேடியல் செக்டர் மீண்டும் பள்ளத்தில் இறங்கும். மீடியாவுக்குப் பின்னால் வரும் கியூபிட்டஸ் நரம்பின் முன்கிளை மேடு, பின்கிளை பள்ளம். கிளைகள் எத்தனை முறை பிரிந்தாலும் இந்த ஒழுங்கு பெரும்பாலும் கலைவதில்லை. காம்ஸ்டாக், நீதம் என்னும் பூச்சியியலாளர் இருவரும் 1898-இல் இந்த நரம்புப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, இளம்பூச்சியின் இறக்கை மொட்டில் ஓடும் மூச்சுக்குழல்களைப் பின்தொடர்ந்தார்கள். கல்லில் நமக்கு அந்த வசதி இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: உங்களிடம் இருப்பது அச்சின் மறுபக்கமானால், அதாவது பாறை பிளந்தபோது எதிர்ப்பாதியில் பதிந்த மறு அச்சானால், மேடெல்லாம் பள்ளமாகவும் பள்ளமெல்லாம் மேடாகவும் தெரியும். விளக்கை மேல் இடப்புறத்திலிருந்து, பாறையை உரசுவது போலச் சாய்த்து வையுங்கள். ஒளி கீழிருந்து வந்தால் கண்ணே நம்மை ஏமாற்றிவிடும்.

மறுமொழி 2:
அது இறக்கைதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது. நியூராப்டெரிஸ் என்னும் தாவரத்தின் சிற்றிலைகள் அதே பாறைகளில், அதே அளவில், அதே உருண்ட நுனியோடு கிடைக்கின்றன. அப்படியொரு சிற்றிலையை நான் ஈராண்டுக் காலம் இறக்கை என்றே பெட்டியில் வைத்திருந்தேன். இலையில் நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே பாங்கில் நரம்புகள் பிரியும். இறக்கையிலோ தடித்த நரம்புகள் முன் ஓரத்தில் நெருங்கியிருக்கும், பின்புறம் மெலிந்து பரவும். இறக்கைதான் என்றால், கியூபிட்டஸின் பின்கிளை வில்லாக வளைந்து பின் ஓரத்தைத் தொட்டு, அடியில் அரைநிலா போன்ற துண்டை வெட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் அது கரப்பான் வழியைச் சேர்ந்த பூச்சியின் முன்னிறக்கை.

கேட்டவர்:
விளக்கை மாற்றிப் பார்த்தேன். நடுநரம்பு இல்லை. உடைந்த மூலையை ஒட்டி வில் வளைவு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கிறது. சப்கோஸ்டாவும் மேடு, ரேடியஸ் பள்ளம். அப்படியானால் இதன் வடிவம் வேறா?

மறுமொழி 1:
வேறு அன்று, மூன்றும் ஒருசேரத் தலைகீழாக இருப்பதால் நீங்கள் மறு அச்சைப் பார்க்கிறீர்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால்தான் அந்த நரம்புக்குத் தவறான பெயர் இட்டோமோ என்று ஐயுற வேண்டும். கரப்பான் வழிப் பூச்சி என்பதில் தடையில்லை. ஆனால் இனப்பெயர் வரை போக வேண்டாம். இவற்றில் ஒரே பூச்சியின் இட, வல இறக்கைகளில்கூடக் கிளைகளின் எண்ணிக்கை வேறுபடும். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு புதுப்பெயர் என்று முன்னோர் சூட்டியவற்றுள் பல பின்னர் ஒன்றாக இணைக்கப்பட்டன.

மறுமொழி 3:
இல்லாததும் சான்றுதான். பிரான்சின் கமான்ட்ரி நிலக்கரிப் படிவிலிருந்து பிராங்னியார் என்னும் ஆய்வாளர் 1885-இல் பெயரிட்ட மெகநியூரா என்னும் அழிந்துபோன பெரும்பூச்சி, ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் விரிந்த இறக்கைகளோடு தும்பியைப் போலவே தோன்றும். எனினும் இன்றைய தும்பியின் முன் ஓரத்தில் உள்ள கணுவும் (நடுவில் உள்ள மூட்டு போன்ற முறிவு) நுனிப் புள்ளியும் (நுனியருகே உள்ள தடித்த நிறத்திட்டு) அதற்கு இல்லாததால் அதைத் தும்பிகளுக்குள் அடைப்பதில்லை. எனவே நான்காம் முறை வரையும்போது உடைந்த மூலையை ஊகத்தால் நிரப்பாமல், புள்ளிக்கோட்டால் மட்டும் குறியுங்கள்.