புதுத் தோல் சாட்டை வளையவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கும்பகோணத்தில் இருந்து எழுதுகிறேன். சிலம்ப ஆட்டத்தோடு சேர்த்துச் சுழற்ற, எட்டடிப் பின்னல் சாட்டை ஒன்று வாங்கியிருக்கிறேன். மாட்டுத் தோல், பின்னலில் குறை சொல்ல முடியாது. ஆனால் விறைப்பென்றால் அப்படியொரு விறைப்பு. பிடியை ஒட்டிய ஒன்றரை முழம் அசைந்துகொடுப்பதே இல்லை. வீசினால் அலை நுனிவரை ஓடாமல் பாதியிலேயே செத்துவிடுகிறது. நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டினால்தானே அந்தப் 'படீர்' வரும்? இது 'சொத்'தென்று விழுகிறது.

இப்போதைக்கு அதன் இயல்பான வளைவுப் பக்கமாகவே கையால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துவிடுகிறேன். எதிர்ப்பக்கம் மடக்குவதில்லை, வெயிலிலும் போடுவதில்லை. தெருப் பெரியவர் ஒருவர், செருப்புக்குச் செய்வதுபோல விளக்கெண்ணெயில் ஊறப்போடு தம்பி என்கிறார். எண்ணெய் மிஞ்சினால் தோல் தொளதொளத்துப் பின்னல் தளருமே என்று தயக்கம்.

துணியில் தொட்டு லேசாகத் தடவினால் போதுமா, தேன்மெழுகும் சேர்க்கணுமா? அப்புறம், ஐப்பசி அடைமழையில் இங்கே தோல் பொருள் எல்லாம் பூஞ்சை பூத்துவிடும். நீங்கள் எங்கே, எப்படி மாட்டி வைக்கிறீர்கள்? நுனிக் குஞ்சத்துக்கு நைலான் நூல் சரிவருமா?

தோல் சாட்டை பழக்கியவர்கள் சொல்லுங்கள். நைலான் கயிற்றுச் சாட்டை வாங்கிக்கொள் என்று மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறது.